இரண்டாவது விசில்

சகாயராணி ஒரு முட்டையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் விற்றவள் இல்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பூட்டுக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் அவளுடைய முட்டைக் கடை. நாமக்கல் சரக்கு அட்டை அட்டையாக வந்து இறங்கும். தகரப் பெட்டிக்குள் ஒரு பல்பு, பெட்டியின் மேலே ஒரு ஓட்டை. ஓட்டையில் வைத்தால் முட்டைக்குள் இருப்பது தெரிந்துவிடும். அதிலும் திருப்தி வராவிட்டால் காதருகே பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுவாள். தளும்பினால் கூழ் முட்டை.

முட்டையோடு நின்றிருந்தால் தேவலை. காய்கறிக்காரன் தராசுத் தட்டை நிமிர்த்தி அடியில் காந்தம் இருக்கிறதா என்று பார்ப்பாள். பால்காரன் ஊற்றும்போது அவன் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். தெருவில் அவளுக்குச் சந்தேகராணி என்றே பெயர். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "ஆமா, சந்தேகப்பட்டதால ஏமாந்தவ யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வா" என்பாள்.

இப்படிப்பட்டவள் கல்யாணமான நாளிலிருந்து சந்தேகப்படாத ஒரே ஆள் அவள் புருஷன் ராயப்பராஜ். திண்டுக்கல்லில் இருந்து செம்பட்டி வழியாக ஆத்தூர் போகும் தனியார் பஸ்ஸில் அவன் கண்டக்டர். மஞ்சள் வண்டி என்றால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஓடும் வண்டியில் எதையும் பிடிக்காமல் நிற்பான். கக்கத்தில் பை, காதில் பேனா, எச்சில் தொட்ட கட்டைவிரல். வண்டி வளைவில் சாயும்போது அவனும் சாய்வான், நிமிரும்போது நிமிர்வான், டிக்கெட் கிழிக்கும் கை மட்டும் நிற்காது. கல்யாணத்துக்கு முன்னால் அவன் அப்படி நிற்பதைப் பார்த்துத்தான் இவளுக்குப் பிடித்துப்போனது.

1997-இல் மழைக்காலம் தொடங்கும் முன்பு, முதல் சந்தேகம் வந்தது.

காலையில் அவன் தொட்டியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சோப்பு, கண் மூடியிருந்தது. நின்ற இடத்திலேயே அப்படியே பக்கவாட்டில் சரிந்து துவைக்கிற கல்லில் மோதினான்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"வழுக்கிருச்சு புள்ள."

அவனைத் தூக்கி விட்டுவிட்டு அவள் தரையைப் பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது.

அன்று ராத்திரி சோறு போடும்போது அவன் பக்கத்தில் குனிந்து மூச்சை மோந்தாள். சாராய வாடை இல்லை. கிராம்பு வாடை அடித்தது. கிராம்பு எதற்கு? வாடையை மறைக்கத்தானே! சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் இருந்து மூன்று விசில்கள் விழுந்தன. மூன்றும் புதுசு.

"கண்டக்டருக்கு வாய் ஒண்ணுதான? எதுக்கு மூணு விசிலு?"

"எல்லாம் பீத்தச் சரக்கு. உள்ள தக்கை சரியா உருளல, சத்தமே வரல. கடைக்காரன் ஏமாத்திப்புட்டான்."

அவள் ஒன்றை எடுத்து ஊதினாள். பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. ராயப்பராஜ் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

டிரைவர் பொம்மையன் வாரம் ஒருமுறை முட்டை வாங்க வருவார். ராயப்பராஜோடு பத்து வருஷம் ஓட்டியவர்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரனுக்கு என்ன ஆச்சு? எங்காதுக்குப் பின்னாடி நின்னு விசில இழுத்து இழுத்து ஊதுறான். எனக்குக் காது கிழியுது, அவன் என்னடான்னா சத்தம் வரலைங்கிறான். ஆளத் தெரிஞ்சும் தெரியாத மாதிரி போறான். செம்பட்டி வாத்தியாரு வணக்கம் வச்சா மூஞ்சியத் திருப்பிக்கிறானாம்."

"வேற என்னண்ணே?"

பொம்மையன் முட்டைகளைப் பார்ப்பதுபோல் குனிந்தார். "நான் சொன்னேன்னு சொல்லாத. செம்பட்டில வண்டி நிக்கிற நேரம் முந்தியெல்லாம் எங்கூடத்தான் இட்லி திம்பான். இப்ப நாலஞ்சு மாசமா காணாமப் போயிடுறான். சந்தைக்குப் பின்னாடி பாசிமணித் திரை போட்ட வீடு ஒண்ணு. உள்ள போயிட்டு வந்தா நேரா உக்கார மாட்டேங்கிறான், ஒருச்சாய்ச்சு உக்காருறான். எனக்கு எதுக்குத் தங்கச்சி வம்பு, நல்ல முட்டையா ஒரு டஜன் குடு."

கடை போட்ட நாளிலிருந்து முதல்முறையாக, எடுத்துக் கொடுத்த டஜனில் ஒன்றைக்கூட அவள் பல்பில் வைத்துப் பார்க்கவில்லை.

குடியா, பெண்ணா? இரண்டுமா? ஞாயிற்றுக்கிழமை பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லோரும் எழுந்து நின்றார்கள். ராயப்பராஜ் கைகூப்பிக் கண்ணை மூடினான். பாதியில் முன்னால் நின்ற உபதேசியார் சூசைமாணிக்கத்தின் முதுகில் போய் விழுந்தான். உபதேசியார் அவனைத் தாங்கிப் பிடித்து, "ராயப்பா, ஆண்டவர் ரத்தத்தைச் சாமியார் குடிச்சாப் போதும்ப்பா, நீ வேற தனியா எதுக்கு?" என்றார். பெண்கள் பக்கம் முக்காட்டுக்குள் சிரிப்பு ஓடியது. சகாயராணிக்கு முகம் எரிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் சுவரோரமாகவே நடந்தான், ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை அது நடந்தது.

பஸ்ஸில் சட்டம் எளிது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. ஆத்தூர்ப் பிரிவில் கத்திரிக்காய்க் கூடையோடு பேச்சாயி என்ற கிழவி இறங்க வேண்டும். ராயப்பராஜ் ஒரு விசில் அடித்தான். வண்டி நின்றது. கிழவி படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக இருந்தபோது, வண்டி இன்னும் நகர்வதுபோலவே அவனுக்குப் பட்டது; தான் அடித்த விசில் டிரைவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, இன்னும் இரண்டு முறை பலமாக ஊதினான். பொம்மையனுக்கு அது போகலாம் என்ற உத்தரவு. வண்டி நகர்ந்தது. கிழவி கூடையோடு ரோட்டில் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது.

கூட்டம் கூடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கீழே குதித்த ராயப்பராஜ் தள்ளாடித் தரையில் கையூன்றினான். அது போதுமானதாக இருந்தது.

"பாரு, நிக்க முடியல அவனால!"

"ஊதுடா! வாயத் தொறந்து ஊது!"

ஊதினான். கிராம்பு வாடைதான் வந்தது. "அப்ப மாத்திரை போட்டிருக்கான்" என்றது ஒரு குரல். "கஞ்சாவா இருக்கும், கண்ணப் பாரு" என்றது இன்னொன்று. ஊதச் சொன்ன வாயெல்லாம் இப்போது வாடை இல்லாததையே குற்றமாக்கின. பேச்சாயி மட்டும் ரோட்டில் உட்கார்ந்தபடி, "எவனாச்சும் எங்கத்திரிக்காயப் பொறுக்குங்கடா பாவிகளா" என்று கத்தினாள்.

பஸ் முதலாளி அன்று மாலையே ஆள் அனுப்பினார். திங்கட்கிழமை ஷெட்டுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். அதுவரை வண்டியில் ஏறக் கூடாது.

சகாயராணி கடையைச் சாத்திவிட்டு வந்தபோது ராயப்பராஜ் நாற்காலியில் இருந்தான். அவள் ஒரு வார்த்தை கேட்பதற்குள் அவனே சொன்னான்.

"ஆமா, குடிச்சேன். ரெண்டு மாசமா குடிக்கிறேன். திங்கக்கிழமை முதலாளிகிட்ட ஒத்துக்கப் போறேன்."

எத்தனையோ நாளாக அவள் தேடிக்கொண்டிருந்த பதில். அதைக் கேட்டதும் கத்தியிருக்க வேண்டும், அழுதிருக்க வேண்டும். அவளுக்கோ முட்டையை ஆட்டும்போது வரும் அந்தத் தளும்பல் கேட்டது. அவளுடைய அண்ணன் குடிகாரன், சித்தப்பா குடிகாரன், கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் குடிகாரர்கள். கேட்பதற்கு முன்னாலேயே குடித்தேன் என்று சொன்ன ஒரு குடிகாரனை அவள் இதுவரை பார்த்ததில்லை.

இந்த ஆள் பொய் சொல்கிறான். குடித்தேன் என்று பொய் சொல்கிறவன் அதைவிடப் பெரிய எதை மறைக்கிறான்?

அன்றிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் கையில் டிஜிட்டல் வாட்ச். மணிக்கொருதரம் அது 'பீப்' என்று கத்தும். கத்தியவுடன் கையைத் தூக்கி மணி சொல்வது அவனுடைய பழைய வழக்கம், பஸ்ஸில் பாதிப்பேர் அவனைக் கேட்டுத்தான் நேரம் தெரிந்துகொள்வார்கள். இப்போது அது கத்தியது. அவன் கை மடியிலேயே கிடந்தது. அடுத்த மணிக்கும் கத்தியது. அப்போதும் அசையவில்லை.

மறுநாள் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போனது. அவன் அடுப்படியில் இருந்து வந்துகொண்டிருந்தான். இருட்டியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான், நடக்கப் பழகும் குழந்தை மாதிரி, இரண்டு கையையும் தரையில் பரப்பிக்கொண்டு. அவள் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிக் கொண்டுவந்தாள். வெளிச்சம் வந்ததும் எழுந்து நடந்தான்.

குடிகாரனுக்கு வெளிச்சமும் ஒன்றுதான், இருட்டும் ஒன்றுதான். இவன் கண்ணை நம்பி நடக்கிறான். கண் மூடினால் விழுகிறான். தொட்டியடியில் சோப்பு, கோயிலில் ஜெபம், இப்போது கரண்ட். காலில் கோளாறு இல்லை. வேறு எங்கேயோ ஏதோ உடைந்திருக்கிறது.

காலையில் அவள் கடை திறக்கவில்லை. செம்பட்டி பஸ் ஏறினாள்.

பாசிமணித் திரை போட்ட வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சண்டைக்குத் தயாராக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரையை விலக்கினாள். உள்ளே கண்ணாடி போட்ட, தலை நரைத்த ஒரு அம்மாள் ஸ்டவ்வில் ஒரு சின்னப் பாத்திரத்தை வைத்துக்கொண்டிருந்தாள். இவள் தேடிவந்த ஆளின் வயது இதுவாக இருக்க நியாயமில்லை.

"யாரும்மா?"

"ராயப்பராஜ் சம்சாரம்."

"அப்படியா. சண்டை போட வந்தியா? மூஞ்சியே சொல்லுது. போடுறதா இருந்தா கதவச் சாத்திட்டு வந்து போடு, தெரு வேடிக்கை பாக்கும்." பாத்திரத்து மூடியைத் திறந்தாள். கொதிக்கும் நீரில் ஊசிகள் கிடந்தன. "எம்பேரு கமர்ஜஹான். நர்ஸா இருந்து நின்னவ. மருந்து கொண்டாந்தா ஊசி போட்டு விடுவேன். வேற எதுவும் இந்த வீட்டுல நடக்கல, உங்காளு அம்புட்டு அழகனும் இல்ல."

சகாயராணி சுவரில் சாய்ந்தாள். "அவருக்கு எதுக்கு ஊசி?"

கமர்ஜஹான் கண்ணாடியைக் கழற்றினாள். "உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா இங்க எதுக்கு வாரேன் நர்ஸம்மா?"

"டி.பி.ம்மா. ரெண்டாவது தடவை. மொதத் தடவை அஞ்சு வருசத்துக்கு முன்னாடி வந்திருக்கு. மாத்திரை தின்னு, இருமல் நின்னதும் பாதியில விட்டுட்டான். திரும்பி வந்திருச்சு. இருமல் வெளிய தெரியக் கூடாதுன்னு கிராம்ப மென்னுக்கிட்டே திரியுறான். மதுரை டாக்டரு இந்தத் தடவை மாத்திரையோட ஊசியும் எழுதிட்டாரு. ஸ்ட்ரெப்டோமைசின். தினம் ஒண்ணு."

"எத்தனை நாளா?"

"அஞ்சாவது மாசம் ஓடுது."

"டாக்டரு அஞ்சு மாசமா போடச் சொன்னாரு?"

கமர்ஜஹான் ஸ்டவ்வை அணைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு மாசந்தான் சொன்னாரு. அப்புறம் மாத்திரை மட்டும். இவன்தான் பழைய சீட்டையே காட்டி மருந்துக் கடையில வாங்கிட்டு வருவான். கேட்டா, 'போன தடவ கொறைச்சலா எடுத்துத்தான் திரும்பி வந்துச்சு, இந்தத் தடவ கூடுதலாவே போடுங்க'ம்பான். தலை கிறுகிறுங்குது, நோவு இன்னும் உள்ள இருக்கு, நிறுத்தாதீங்கம்பான். நானும் கூட ஒரு ஊசிதானன்னு போட்டுட்டேன். நல்ல ஊசிம்மா அது. எத்தனையோ பேரைப் பொழைக்க வச்ச ஊசி."

"பொழைச்சவங்க எல்லாம் விழுகாம நடக்குறாங்களா?"

கமர்ஜஹானின் கை பாத்திரத்தின் மேல் அப்படியே இருந்தது.

"நெசவுக்காரர் ஒருத்தர் வந்துக்கிட்டிருந்தாரு" என்றாள் கடைசியில். "காதுக்குள்ள வண்டு கத்துதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஒரு நாள் வரல. பயந்துக்கிட்டு ஓடிட்டாருன்னு நெனச்சேன். எங்க போனாருன்னு நான் கேக்கவே இல்ல." அலமாரியில் இருந்து புர்க்காவை எடுத்தாள். "இரு, நானும் வாரேன். எத்தனை ஊசி போட்டேன்னு டாக்டருகிட்ட நானே சொல்றேன். அவன் சொன்னா கொறைச்சுச் சொல்லுவான்."

வீட்டில் இவர்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் ராயப்பராஜுக்கு எல்லாம் புரிந்தது. கமர்ஜஹான் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்றாள் சகாயராணி.

"எதிர்வீட்டுச் செபாஸ்தியம்மா இருமுனப்ப நீ என்ன செஞ்ச? அவளுக்குன்னு தனி டம்ளர் வச்ச. அவ எந்திரிச்சுப் போனதும் அதக் கம்பியால எடுத்து வெந்நீருல போட்ட. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

அவள் செருகியிருந்த முந்தானையை அவிழ்த்து விட்டாள்.

"சரி, என்னைய விடுங்க. குடிச்சேன்னு ஏன் சொல்லணும்?"

"பொம்மையண்ணன் ரெண்டு தடவ குடிச்சுட்டு ஓட்டி மாட்டுனாரு. முதலாளி என்ன செஞ்சாரு? திட்டுனாரு, சத்தியம் வாங்குனாரு, சாவியக் குடுத்தாரு. குடிச்சவன மன்னிக்கிற ஊரு புள்ள இது. டி.பி.க்காரன் எச்சி தொட்டுக் கிழிச்ச டிக்கெட்ட எவன் வாங்குவான்? திங்கக்கிழமை ஒரு சத்தியம், செவ்வாக்கிழமை வண்டியில ஏறிடுவேன். கிறுகிறுப்பு ஊசி போடப் போடச் சரியாயிடும்."

"ஊசியாலதான் கிறுகிறுப்பே வந்திருந்தா?"

அவன் சிரித்தான். "மருந்தையும் விட மாட்டியா நீ? அதையும் பல்புல வச்சுப் பாப்பியா?"

பார்த்தாள். அரசு ஆஸ்பத்திரியில் டி.பி. பார்க்கும் டாக்டர் மகேஸ்வரியிடம் மூன்று பேருமாகப் போனார்கள். கமர்ஜஹான் ஊசிக் கணக்கைச் சொல்லும்போது டாக்டரின் முகம் மாறியது. அவனைச் சேர்ந்தாற்போல் காலை வைத்து நிற்கச் சொன்னார். நின்றான். கண்ணை மூடச் சொன்னார். மூடினான். டாக்டரும் சகாயராணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருக்காவிட்டால் மேசையில் போய் விழுந்திருப்பான். வண்டி ஓடும்போது ஆள் முகம் தெரிகிறதா என்று கேட்டார்.

ராயப்பராஜ் தலை குனிந்தான். "ஆடுது டாக்டர். மூஞ்சியெல்லாம் குதிக்குது. வண்டி நின்னாத்தான் யாருன்னே தெரியுது."

செம்பட்டி வாத்தியாரின் வணக்கம் எங்கே போனது என்று சகாயராணிக்கு அப்போது தெரிந்தது.

காதுக்குள் கேட்பதற்கு ஒரு பகுதி, நேராக நிற்பதற்கு ஒரு பகுதி என்று இரண்டு இருக்கிறது என்றார் டாக்டர். இந்த ஊசி நெஞ்சில் இருக்கும் கிருமியைக் கொல்லும், அளவு மீறினால் இந்த இரண்டையும் கெடுக்கும், சிலருக்கு அளவுக்குள்ளேயே கெடுக்கும். இன்றோடு ஊசி நிறுத்தம். ஆனால் மாத்திரையில் ஒன்றைக்கூட விடக் கூடாது, விட்டால் மூன்றாவது தடவை வரும், அது லேசில் போகாது. கண்ணையும் காலையும் வைத்து நடை ஓரளவு பழகிவிடும். போன காது திரும்புமா என்றால், நம்பிக்கை வைக்க வேண்டாம். சளியைச் சோதித்துவிட்டு, கிருமி இல்லை, இனி இவர் இருமினால் யாருக்கும் ஒட்டாது என்றும் சொன்னார்.

"பஸ்ஸுல நிக்கலாமா டாக்டர்?" என்றாள் சகாயராணி.

"பஸ்ஸுலயா? நீங்க ஏறுற பஸ்ஸுல இவரு விசில் ஊதுனா நீங்க இறங்குவீங்களா?"

திரும்பி வரும்போது ராயப்பராஜ் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "நீ திங்கக்கிழமை வர வேணாம்."

அவள் போனாள்.

ஷெட்டில் முதலாளி பிரம்பு நாற்காலியில் இருந்தார். பொம்மையன், மெக்கானிக்குகள், பேச்சாயியின் மகன் எல்லோரும் நின்றார்கள். அவன் நினைத்தபடியேதான் எல்லாம் நடந்தது. முதலாளி திட்டினார். பேச்சாயியின் மகன் ரெண்டு வார்த்தை கத்தினான், கட்டுப்போடும் செலவை முதலாளி ஏற்றுக்கொண்டதும் அடங்கினான். முதலாளி கடைசியில் குரலை இறக்கினார்.

"பழைய ஆளு நீ. கையெடுத்துச் சத்தியம் பண்ணு, இனிமே தொட மாட்டேன்னு. நாளைக்கு வண்டியேறு."

ராயப்பராஜ் கையைத் தூக்கினான். ஒரே ஒரு பொய். அதோடு வேலை திரும்பிவிடும், பெயர் திரும்பிவிடும், யாரும் டம்ளரைத் தனியாக வைக்க மாட்டார்கள். இன்னொரு கிழவி படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்பாள். அல்லது ஓடும் வண்டியின் படியில் இருந்து இவனே விழுவான். சகாயராணி வாயைத் திறந்தால் அவன் வேலை போகும், மூடினால் ஆள் போவான்.

"ஏங்க" என்றாள் சகாயராணி. "கண்ணத் தொறந்துக்கிட்டுப் பண்ணுனா அது என்ன சத்தியம்? ஆண்டவர நெனச்சு, கண்ண மூடிச் சொல்லுங்க."

"அதுவும் சரிதான்" என்றார் முதலாளி.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் ஆயுசுக்கும் மறக்கவில்லை. அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மூட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பத்துப்பேர் பார்க்கிறார்கள். கையைத் தூக்கியபடியே கண்ணை மூடினான்.

"இனிமேப்பட்டு நான்..."

அதற்குமேல் வரவில்லை. மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தான். பொம்மையன் பாய்ந்து பிடித்தார், பிடித்த வேகத்தில் அவன் வாயருகே முகம் போனது. "முதலாளி, சத்தியமா வாடையே இல்ல!" என்று அலறினார்.

"அவரு குடிக்கல" என்றாள் சகாயராணி. டி.பி.யில் தொடங்கி ஊசிவரை எல்லாவற்றையும் சொன்னாள். இப்போது ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை அழுத்திச் சொன்னாள். அந்த வாக்கியம் யார் காதிலும் ஏறவில்லை. முதலாளியின் துண்டு மெல்ல மூக்குக்குப் போனது. நாற்காலி ஒரு அடி பின்னால் நகர்ந்தது. மெக்கானிக் ஒருவன் தன் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டான். பேச்சாயியின் மகன் மட்டும், "அப்ப எங்காத்தாவ வேணும்னு தள்ளல?" என்று கேட்டான்.

"இல்லப்பா. அவரு ஊதுன விசில் அவருக்கே கேக்கல."

வேலை போனது. ராயப்பராஜ் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. கடை வியாபாரமும் படுத்தது. வழக்கமாக வாங்குகிறவர்கள் அடுத்த தெருவுக்குப் போனார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும் முட்டையைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள், முந்தானையால் துடைத்தார்கள். ஊரையே சந்தேகப்பட்டவளை ஊரே சந்தேகப்பட்டது. அவள் பல்பை ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செபாஸ்தியம்மாள் ஒரு நாள் கடைக்கு வந்தபோது எழுந்து, தான் குடிக்கும் டம்ளரிலேயே தண்ணீர் கொடுத்தாள். அவள் குடித்துவிட்டுக் கொடுத்த டம்ளரில் தானும் குடித்தாள்.

தயங்காமல் முதலில் வந்தது பேச்சாயிதான். மாவுக்கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி வந்து நின்று, கடைக்குள் நாற்காலியில் இருந்த ராயப்பராஜைக் காட்டிக் கேட்டாள்.

"இவன்தானா அவன்? நெசமாவே குடிக்கல?"

"இல்ல ஆத்தா."

"ஊசி போட்டாச் செவுடாகுமாக்கும்?" கிழவி தன் கட்டைப் பார்த்தாள். "எனக்கும் ஒரு ஊசி போட்டானுகளே. என்னைய மெதுவாக் கூப்புடு, கேக்குதா பாப்போம்."

"ஆத்தா."

"கேக்குது." திருப்தியோடு ஒரு முட்டையை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தாள். "கோழிக்குச் சளி கிளி ஒண்ணும் இல்லேல்ல?"

ராயப்பராஜ் கிழவியின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, பல நாளைக்குப் பிறகு சிரித்தான். எழுந்து வந்து அந்த முட்டையை வாங்கிப் பல்பில் வைத்து அவளுக்குக் காட்டினான். அன்றிலிருந்து வெளிச்சம் பார்க்கும் வேலை அவனுடையது, காதருகே ஆட்டிப் பார்க்கும் வேலை அவளுடையது.

மாத்திரையை முழுசாக முடித்தான். டி.பி. திரும்பவில்லை. நடை பழகிவிட்டது, வெளிச்சம் இருக்கும் வரை. காது பழகவில்லை. கமர்ஜஹான் அதற்குப் பிறகு டாக்டர் எழுதிய நாள் தாண்டி யாருக்கும் ஊசி போடவில்லை, காதில் இரைச்சல் என்று யார் சொன்னாலும் அன்றைக்கே டாக்டரிடம் துரத்தினாள். சகாயராணியோ கடைக்கு இருமிக்கொண்டு வருகிறவர்களை விடுவதில்லை. "என்ன ஊசி? எத்தனை நாளு? காதுக்குள்ள கத்துதா? கண்ண மூடி நில்லு பாப்போம்" என்பாள். முட்டை வாங்க வந்தவர்கள் ரோட்டில் கண்ணை மூடி நிற்பதைப் பார்த்து பஸ் ஸ்டாண்டில் சிரிப்பார்கள்.

வேலை போன புதிதில் ஒரு நாள், மாத்திரை வாங்கிக்கொண்டு வருகையில், மஞ்சள் வண்டியிலேயே இருவரும் பயணிகளாக ஏற வேண்டியதாயிற்று. புதுக் கண்டக்டர் விசில் அடித்தான். ராயப்பராஜ் அவள் பக்கம் திரும்பி, "அடிச்சுட்டானா?" என்றான். அவள் பதில் சொல்லாமல் அவன் முழங்கையில் இரண்டு தட்டுத் தட்டினாள். வண்டி புறப்பட்டது.

அந்தத் தட்டு நிலைத்துவிட்டது. இரண்டாயிரத்துக்குப் பிறகு பஸ் ஸ்டாண்டு ரோட்டில் மினிபஸ்ஸும் மோட்டார் பைக்கும் பெருகி, காது கேட்கிறவர்களுக்கே கடப்பது பாடாகிவிட்டது. கடை சாத்திவிட்டு இருவரும் ஓரத்தில் நிற்பார்கள். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. சில நாள் ரோடு காலியாகவே கிடக்கும், ஒரு வண்டியும் வராது. அப்போதும் அவள் முழங்கையில் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இந்த ஆள் நிற்கிறானா, இல்லை தானாகவே கிளம்பிவிடுகிறானா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். அவன் நிற்பான். நிற்பதைப் பார்த்த பிறகுதான் இரண்டாவது தட்டு விழும்.